எண்பது சதவீதம் ஏன் எண்பதாகத் தெரிவதில்லை

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "நானும் இரண்டு நண்பர்களும் தமிழில் ஓர் எழுத்துவழி விளையாட்டை உருவாக்குகிறோம். படம் கிடையாது. 'வடக்கே போ', 'காவலனைத் தாக்கு' என்று கட்டளை எழுதினால் பதிலும் எழுத்திலேயே வரும். களம், 1782ஆம் ஆண்டின் எங்கள் கோட்டை. வாள் வீச்சுக்கு 80 சதவீத வாய்ப்பு என்று திரையில் காட்டுகிறோம். விளையாடிப் பார்த்தவர்கள் எல்லோரும் 'பொய், பாதிக்குப் பாதி தவறுகிறது' என்கிறார்கள். நிரலில் பிழையா, அவர்களுடைய மனப்பிரமையா? பழைய விளையாட்டுகள் இதை எப்படிக் கணக்கிட்டன? இன்னொன்று: கோட்டை வாசலில் மேயும் மான்களையும் தாக்க விடலாமா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை."

தம்பி, இரண்டுமே சேர்ந்து நடந்திருக்கலாம். மனத்தின் பங்கு விளங்கிக்கொள்ள எளியது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

80 சதவீத வாய்ப்புள்ள வீச்சு அடுத்தடுத்து மூன்று முறை தவறுவதற்கான நிகழ்தகவு, 0.2ஐ மூன்று முறை பெருக்கி வரும் 0.008. அதாவது 125இல் ஒன்று. இணைந்த கணிதம் படிக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் விளையாடுகிறவர் மூன்றே மூன்று முறை வாள் வீசிவிட்டு எழுந்து போவதில்லை. பழைய எழுத்துலகங்கள் பலவற்றில் சண்டையின் ஒரு சுற்று மூன்று விநாடி. ஐந்து நிமிடம் சண்டையிட்டால் நூறு வீச்சு. அந்த நூறுக்குள் எங்காவது ஓரிடத்தில் மூன்று தவறல்கள் அடுத்தடுத்து வருவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 47 சதவீதம் வரும். ஆக, சரியாக எழுதப்பட்ட விளையாட்டிலும் ஐந்து நிமிடத்துக்குள் ஏறக்குறைய இருவரில் ஒருவர் அந்த மூன்று தவறல்களைப் பார்த்துவிடுவார். பட்ட எண்பது அடியையும் மறந்து அந்த மூன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவார். அதை நீங்கள் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கரைவலை இழுப்பவரும் வெறும் வலை வந்த நாளைத்தான் நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறார்.

ஆனால் "பாதிக்குப் பாதி" என்ற சொல் எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. ஒருவர் சொன்னால் விடலாம். விளையாடிய எல்லோரும் ஒரே அளவைச் சொன்னால் நிரலைத் திறந்து பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது என்பதற்குப் பழைய விளையாட்டுகளின் கதை உதவும்.

இந்தக் கணக்கெல்லாம் மேசையில் தொடங்கியது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டி அடி பட்டதா என்று தீர்மானித்தார்கள். ஒரு முகத்துக்கு 5 சதவீதம். எதிராளியின் காப்பு ஒரு கவச எண்ணாக இருக்கும். எண் குறையக் குறையக் காப்பு கூடும். இது புதிதாகப் படிப்பவரைக் குழப்பும், ஆனாலும் பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. அந்தத் தலைகீழ் எண்ணைச் சமாளிக்கப் பிறந்ததுதான் 'தாக்கோ' என்ற அளவு. நம் 'தாக்கு' என்ற சொல்லோடு அதற்கு உறவு எதுவும் இல்லை. கவச எண் பூச்சியமாக உள்ளவரை அடிக்கப் பகடையில் விழ வேண்டிய எண் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் அது. உங்கள் தாக்கோ 15, எதிராளியின் கவச எண் 4 என்றால், 15இலிருந்து 4 கழித்து 11. பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபது முகத்தில் பத்து முகம், 50 சதவீதம். அவர் நல்ல இரும்புக் கவசம் அணிந்து எண்ணை -2க்குக் கொண்டுபோனால் உங்களுக்கு 17 வேண்டும். நான்கு முகம்தான், 20 சதவீதம். 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் இதை நேராக்கினார்கள்: பகடையோடு உங்கள் திறனைக் கூட்டுங்கள், கவச எண்ணைத் தொட்டால் அடி பட்டது. உங்கள் விளையாட்டுக்கு இந்த நேர்வழியே போதும். எண் கூடினால் நல்லது என்று எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைத்தால் விளையாடுகிறவர் பாதிக் கேள்விகளைக் கேட்க மாட்டார்.

கணினிப் பக்கம், 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்', பலர் ஒரே நேரத்தில் உலவும் எழுத்துலகங்களுக்கு வழி திறந்தது. சண்டைக் கணக்கைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர்கள் எழுதி 1991இல் வெளிவிட்ட டிக்குமட். அதன் மூல நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்பதால் அதிலிருந்து மெர்க், மெர்க்கிலிருந்து ரோம் என்று பெரிய குடும்பமே கிளைத்தது. அவற்றின் நெஞ்சில் ஓடுவது அந்த இருபது முகப் பகடையும் தாக்கோவும்தான். கவச எண்ணை மட்டும் நூறு அளவுக்கு விரித்து வைத்து, கணக்கிடும்போது பத்தால் வகுத்துக்கொள்வார்கள்.

பல்கலைக்கழகக் காலத்தில் கணினிக் கூடம் பூட்டும் நேரம்வரை நான் விளையாடியது அந்தக் குடும்பத்தில் பிறந்த ஓர் உலகத்தில்தான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பிறகு அதன் நிரலை வாசித்தபோதுதான் அந்தத் திரைக்குப் பின்னால் எவ்வளவு கவனம் இருந்தது என்று தெரிந்தது. அதில் ஒரே ஒரு வரி நீங்கள் தேடும் பிழையைப் பிடிக்க உதவும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ரோம் நிரலில் பகடை உருட்டும் இடத்தில் ஐந்து பிட் எண் ஒன்றை, அதாவது 0, 1 மட்டும் வரும் ஐந்து இடங்களால் ஆன எண்ணை, எடுக்கிறார்கள். ஐந்து பிட்டில் 0 முதல் 31 வரை 32 எண்கள் வரும். தேவை 0 முதல் 19 வரை இருபது எண்கள். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். ஏன் இந்த வீண்வேலை, இருபதால் வகுத்து மீதியை எடுத்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. எடுத்துப் பாருங்கள்: 20 வந்தால் மீதி 0, 21 வந்தால் 1, இப்படி 31 வந்தால் 11. ஆகவே 0 முதல் 11 வரை உள்ள எண்கள் இரண்டு வழியில் வரும். 12 முதல் 19 வரை ஒரே வழிதான். 10 அல்லது அதற்கு மேல் விழும் நிகழ்தகவு சரியான பகடையில் 50 சதவீதம். இந்த மீதிக் கணக்கில் 32இல் 12, அதாவது 37.5 சதவீதம்தான். பெரிய எண் வேண்டிய வீரர் காரணம் தெரியாமலே தோற்றுக்கொண்டிருப்பார். தவறான எண்களை எறிந்துவிடும் அந்தச் சிறு சுற்றுதான் அவரைக் காப்பாற்றுகிறது.

நீங்கள் பைத்தான் நிரல்மொழியில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. பகடைபோல எண் தரும் அதன் சீரற்ற எண் இயந்திரம் இந்த வேலைக்கு வேண்டியதைவிட நன்றாகவே எழுதப்பட்டது. ஆனால் எல்லைப் பிழைக்கு இடமிருக்கிறது. 'ராண்டின்ட்' என்ற கட்டளைக்கு 1, 100 என்று கொடுத்தால் இரண்டு முனையும் சேரும். அங்கே 80 அல்லது அதற்குக் கீழ் என்று கேட்க வேண்டும். 'ராண்ட்ரேஞ்ச்' கட்டளைக்கு 100 என்று கொடுத்தால் 0 முதல் 99 வரை வரும். அங்கே 80க்குக் கீழ் என்று கேட்க வேண்டும். மாற்றிப் போட்டால் 79 அல்லது 81 ஆகும். இது சிறு பிழை, உங்கள் நண்பர்களின் புகாருக்கு இது காரணமாகாது, ஆனால் 1 சதவீத வாய்ப்புள்ள ஒன்றில் இதே பிழை வந்தால் அது பூச்சியமாகவோ இரட்டிப்பாகவோ மாறிவிடும்.

விதை எண்ணையும் பாருங்கள். சீரற்ற எண் இயந்திரம் தன் எண் வரிசையைத் தொடங்க எடுத்துக்கொள்ளும் எண்தான் விதை; ஒரே விதைக்கு ஒரே வரிசை வரும். அதை ஆரம்பத்தில் ஒரு முறை கொடுத்தால் போதும். நான் எழுதிய முதல் விளையாட்டில் ஒவ்வொரு வீச்சுக்கும் கடிகாரத்தின் விநாடியை விதையாகக் கொடுத்திருந்தேன். ஒரே விநாடிக்குள் நானும் அடிக்கிறேன், எதிராளியும் அடிக்கிறான். இருவருக்கும் ஒரே எண். இருவரும் சேர்ந்தே அடித்தோம், சேர்ந்தே தவறவிட்டோம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இப்போது உங்கள் புகாரின் மையத்துக்கு வருகிறேன். உங்கள் எதிராளிக்கு வாளைத் தடுக்கும் திறன், விலகும் திறன், கேடயம் எல்லாம் வைத்திருக்கிறீர்களா? எழுத்துவழி விளையாட்டு எழுதும் எவரும் இரண்டாம் வாரத்தில் இவற்றைச் சேர்க்காமல் இருப்பதில்லை. சேர்த்திருந்தால் 80 செத்துப்போன இடம் அதுதான்.

டிக்கு குடும்பத்தில் கணக்கு வரிசையாக நடக்கிறது. முதலில் பகடை, அடி படுமா என்று. பட்டால், எதிராளி வாளால் தடுத்தாரா என்று தனியாக ஓர் உருட்டல். தடுக்கவில்லை என்றால் விலகினாரா என்று இன்னோர் உருட்டல். பிறகு கேடயம். ஒவ்வொன்றும் தனித்தனி வாயில். எல்லா வாயிலும் கடந்தால்தான் உடம்பில் படும். ரோம் நிரலில் தடுக்கும் வாய்ப்பு அந்தத் திறனின் ஏறத்தாழப் பாதி, விலகும் வாய்ப்பும் அப்படியே. தடுக்கும் திறன் 80, விலகும் திறன் 60 உள்ள ஒரு காவலனை எடுத்துக்கொள்ளுங்கள். தடுக்கும் வாய்ப்பு 40 சதவீதம், விலகும் வாய்ப்பு 30. உங்கள் 80 சதவீதம் முதல் வாயிலைக் கடக்கிறது. அதில் 60 சதவீதம் இரண்டாவதைக் கடக்கிறது. அதில் 70 சதவீதம் மூன்றாவதை. 0.8, 0.6, 0.7 மூன்றையும் பெருக்கினால் 0.336. திரையில் 80 என்று காட்டுகிறீர்கள், உடம்பில் படுவதோ மூன்றில் ஒன்று. பாதிக்குப் பாதி என்று சொன்ன உங்கள் நண்பர்கள் கொஞ்சம் இரக்கத்தோடுகூடச் சொல்லியிருக்கலாம்.

இதற்கு மாற்று, ஒரே உருட்டலில் எல்லாவற்றையும் வைப்பது. 1 முதல் 100 வரை ஒரு கோடு வரைந்து, முதல் 20 எண்கள் குறி தவறியது, அடுத்த 15 வாளால் தடுத்தது, அடுத்த 10 விலகியது, மீதி 55 பட்டது என்று துண்டு போடுங்கள். இதில் பெருக்கல் மறைந்திருக்காது. ஒரு திறன் 5 கூடினால் கோட்டில் 5 கூடும், யாரும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். குறை என்னவென்றால், காப்புத் திறன்கள் எல்லாம் கூடி அந்தக் கோடு முழுவதையும் விழுங்கிவிட முடியும். தனித்தனி வாயில் முறையில் அப்படி நேராது, ஏனென்றால் பெருக்கல் பூச்சியத்தை நெருங்குமே தவிரத் தொடாது. நான் எழுதினால் இரண்டு வாயில் வைப்பேன்: உங்கள் குறி சரியா என்று ஒன்று, எதிராளி காத்துக்கொண்டாரா என்று ஒன்று. வாள், விலகல், கேடயம் மூன்றும் அந்த இரண்டாம் உருட்டலின் துண்டுகள். எந்த முறையை எடுத்தாலும் திரையில் காட்டும் எண் கடைசி வாயிலையும் கடந்த எண்ணாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விளையாடுகிறவர் அந்த எண்ணை நம்பித்தான் சண்டைக்குப் போகிறார். முதல் வாயிலின் எண்ணைக் காட்டுவது அவரை ஏமாற்றுவது.

எண் உண்மையாகிவிட்ட பிறகு, ஒரு புள்ளியின் மதிப்பு என்ன என்று யோசியுங்கள். புதிதாக எழுதும் பலர் தவறுவது இங்கே. உங்கள் வாய்ப்பு 10இலிருந்து 15 ஆனால் உங்கள் அடிகள் ஒன்றரை மடங்கு. 90இலிருந்து 95 ஆனால் கூடுவது பதினெட்டில் ஒரு பங்குதான். அதே 5. காப்புப் பக்கம் இது தலைகீழாகும்: எதிரியின் வாய்ப்பை 90இலிருந்து 85க்குக் குறைக்கும் கவசம் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, 10இலிருந்து 5க்குக் குறைக்கும் கவசம் உங்கள் ஆயுளை இரட்டிப்பாக்கும். அதற்கு மேலும் ஒரு 5 குறைந்தால் பூச்சியம், நீங்கள் சாவே இல்லாதவர். ஆகவேதான் பகடையில் மிகப் பெரிய எண் விழுந்தால் எப்போதும் படும், மிகச் சிறியது விழுந்தால் எப்போதும் தவறும் என்று பழைய விளையாட்டுகள் இரண்டு முனையிலும் வேலி போட்டன. அந்த வேலி நல்லது, ஆனால் வேலிக்குள் அந்த ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது. நல்ல கவசம் வைத்திருப்பவர் மேலும் நல்ல கவசத்தையே தேடுவார். வேறெதுவும் அவருக்குத் தேவைப்படாது.

இதைச் சமன் செய்யும் ஓர் அழகான வழி இருக்கிறது: தாக்குதல் எண்ணை, தாக்குதல் எண்ணும் காப்பு எண்ணும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுப்பது. தாக்குதல் 60, காப்பு 40 என்றால் 100இல் 60, அதாவது 60 சதவீதம். காப்பு 80 ஆனால் 43. காப்பு 160 ஆனால் 27. எவ்வளவு ஏற்றினாலும் பூச்சியமாகாது. இதில் ஒளிந்திருக்கும் நேர்த்தியை ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள்: ஓர் அடி படுவதற்குச் சராசரியாக எத்தனை வீச்சு வேண்டும்? அந்த வாய்ப்பின் தலைகீழ். அதாவது 1, அதோடு காப்பைத் தாக்குதலால் வகுத்த ஈவு. காப்பு 40ஆக இருந்தபோது ஒன்றும் மூன்றில் இரண்டும். 100 ஆனால் இரண்டும் மூன்றில் இரண்டும். 160 ஆனால் மூன்றும் மூன்றில் இரண்டும். ஒவ்வொரு 60 புள்ளிக்கும் சரியாக ஒரு வீச்சு கூடுகிறது. முதல் புள்ளிக்கும் நூறாவது புள்ளிக்கும் மதிப்பு ஒன்றே. ஒரு சிறு பின்னம் இத்தனை வேலை செய்வதை முதன்முதலில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் நான் வகுப்பில் மாணவர்களுக்குக் காட்ட முயல்கிறேன். உங்கள் விளையாட்டுக்கு என் பரிந்துரை இதுதான்.

பகடையின் வடிவத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒற்றைப் பகடையில் எல்லா எண்ணும் சமம். பல பகடைகளைக் கூட்டினால் நடு எண்கள் அடிக்கடி வரும். தாயத்துக்குச் சோகி குலுக்கிய எவருக்கும் இது கைப்பழக்கத்தில் தெரியும்: ஆறு சோகியும் ஒரே பக்கமாகக் கவிழ்வது அருமை, மூன்றுக்கு மூன்று விழுவது வாடிக்கை. ஒவ்வொரு சோகியும் சரிபாதி வாய்ப்போடு விழுவதாக வைத்துக்கொண்டால் மூன்றுக்கு மூன்று 64இல் 20 முறை. ஆறும் நிமிர்வது 64இல் ஒரே முறை. 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட கர்ப்ஸ் விளையாட்டு மூன்று ஆறுமுகப் பகடைகளைக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை உங்கள் திறனுக்குள் அடங்கினால் வெற்றி. திறன் 10 என்றால் 50 சதவீதம், 11 என்றால் 62.5. ஆனால் 15இலிருந்து 16க்குப் போனால் 95.4இலிருந்து 98.1தான். புதியவர் விரைவாகத் தேர்ச்சி பெறுவதும், தேர்ந்தவர் அரிதாகவே தவறுவதும் இதில் இயல்பாக வருகிறது. உங்கள் கதையில் பழகிய வாள்வீரனும் நேற்றுச் சேர்ந்த சிப்பாயும் மோதுவார்கள் என்றால் இது பொருந்தும். ஆனால் நான் மேலே சொன்ன பின்னத்தோடு இதைக் கலக்க வேண்டாம், ஏதாவது ஒன்று.

காட்டும் எண்ணையும் உண்மை எண்ணையும் வேண்டுமென்றே வேறாக வைத்த விளையாட்டுகளும் உண்டு. படத்தோடு வரும் பயர் எம்பளம் வரிசையில் 2002இல் வெளியான ஆட்டத்திலிருந்து இரண்டு சீரற்ற எண்களை எடுத்து அவற்றின் சராசரியைக் காட்டிய எண்ணோடு ஒப்பிட்டார்கள். திரையில் 90 என்றால் உண்மையில் 98. திரையில் 30 என்றால் உண்மையில் 18. 90 என்றால் படும் என்று மனிதர் நம்புவதால் அந்த நம்பிக்கைக்கு ஏற்ப எண்ணை வளைத்தார்கள். அதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தும் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். படம் இல்லாத விளையாட்டில் விளையாடுகிறவர் கையில் இருப்பவை உங்கள் சொல்லும் உங்கள் எண்ணும் மட்டுமே.

உங்களிடம் இருக்கும் பெரிய வசதியும் அந்தச் சொல்தான். அதிலும் தமிழ். 'தவறியது' என்ற ஒரே சொல்லை நூறு முறை காட்டிவிட்டு விளையாடுகிறவர் சலிக்கிறார் என்று வருந்தாதீர்கள். மெர்க் குடும்பத்தில் பட்ட காயத்தின் அளவுக்கு ஏற்ப வினைச்சொல் மாறும். கீறலில் தொடங்கிப் படுகொலை வரை ஒரு நீண்ட ஏணி. அதைத் தவறலுக்கும் செய்யுங்கள். பகடை எவ்வளவு வித்தியாசத்தில் தவறியது என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் தூக்கி எறியாதீர்கள். 11 வேண்டிய இடத்தில் 10 விழுந்தால் 'வாள் முனை அவன் சட்டையைக் கிழித்துப் போனது'. 2 விழுந்தால் 'வாள் காற்றைத்தான் வெட்டியது'. எதிராளி தடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். கேடயத்தில் பட்டிருந்தால் கேடயத்தைச் சொல்லுங்கள். மூன்று தவறல்களும் மூன்று காரணங்களோடு வந்தால் யாரும் எண்ணைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள். கேடயக்காரனைச் சுற்றிப் பின்பக்கம் போகலாமா என்று யோசிக்கத் தொடங்குவார்கள். சண்டை அங்கேதான் உயிர் பெறுகிறது.

நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் யார் என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். 'காவலன் ஈட்டியை உன் விலாவை நோக்கி ஓங்கி, முழு வலுவோடு குத்த, அது உன் கேடயத்தின் விளிம்பில் பட்டுச் சறுக்கியது' என்று எழுதினால் பட்டதா இல்லையா என்பது கடைசிச் சொல்வரை தெரியாது. பகடை உருண்டு நிற்கும் அந்த நொடி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகத் திரையில் விடுங்கள், மிக மெதுவாக வேண்டாம். துணைவினைகளும் கைகொடுக்கும்: 'வெட்டப் பார்த்தான்', 'வெட்டினான்', 'வெட்டிவிட்டான்', 'வெட்டித் தள்ளினான்'. நான்கும் நான்கு விளைவு. புதிய சொல் தேட வேண்டியதே இல்லை.

களத்தைப் பற்றி ஒரு யோசனை. 1782இல் நம் கோட்டை ஒரே ஆண்டில் இரண்டு முறை கைமாறியது. சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பிடித்தார். சனவரி நமக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம், ஆகஸ்டில் மண் வெடிக்கும் வெயில். அக்காலத் துப்பாக்கி தீக்கல் பொறியில் மருந்து பற்றிச் சுடுவது; கிண்ணத்தில் இருக்கும் மருந்து நனைந்தால் சுடாது. ஆகவே ஒரே துப்பாக்கிக்கு இரண்டு அத்தியாயத்தில் இரண்டு வாய்ப்பு வையுங்கள். மழையில் முதலில் மருந்து பற்றுகிறதா என்று ஒரு வாயில், பிறகு தூரத்துக்கு ஏற்பக் குறையும் வாய்ப்பு. குழலின் உட்புறம் வரியில்லாமல் வழவழப்பாக இருந்த அந்தத் துப்பாக்கிகள் கிட்டத்தில் கொல்லும், தூரத்தில் குறி தப்பும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைச் சுட்டால் படும் வாய்ப்பை மிகக் குறைவாகவே வையுங்கள். கோட்டை மதிலிலிருந்து கடற்கரையைப் பார்த்துச் சுடும் காட்சியில் இதைச் சரியாக வைத்தால், ஏன் வாளும் துப்பாக்கிமுனை ஈட்டியும் அன்று தேவைப்பட்டன என்பது விளக்கமில்லாமலே விளங்கும். இன்னொன்றும் கவனியுங்கள்: பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் 1803இல்தான் வந்தது. உங்கள் பாத்திரங்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

இனி, நிரலைச் சோதிக்கும் வழி. விளையாடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். திரையை நிறுத்திவிட்டு ஒரே வீரனையும் ஒரே காவலனையும் 10,000 முறை மோதவிட்டு, உடம்பில் பட்ட அடிகளை எண்ணுங்கள். வாய்ப்பு 80 சதவீதம் என்றால் 8,000 வர வேண்டும். எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைக் காட்டும் நியம விலகல், 10,000ஐ 0.8ஆலும் 0.2ஆலும் பெருக்கியதன் வர்க்கமூலம், அதாவது 40. இரு பக்கமும் அதன் இரு மடங்குவரை விலகுவது இயல்பு. ஆகவே 7,920க்கும் 8,080க்கும் இடையில் வந்தால் உங்கள் பகடை நேர்மையானது. 3,400 அளவில் வந்தால் நான் சொன்ன வாயில்கள்தான். நூறு வீச்சில் சோதித்தால் விலகல் 4. 72 வந்தாலும் 88 வந்தாலும் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் நண்பர்கள் ஒவ்வொருவரும் பார்த்தது அந்தச் சிறு துண்டைத்தான். ஒவ்வொரு உருட்டலையும், எந்த வாயிலில் என்ன எண் விழுந்தது என்பதையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது பொய் என்றால் அந்தக் கோப்பைத் திறந்து அவரோடு சேர்ந்து வாசியுங்கள்.

மான்களுக்கு வருகிறேன். இரண்டு விளைவுகளும் கதைக்கு வேண்டும் என்ற இடத்தில் மட்டுமே பகடை உருட்ட வேண்டும். தூங்கும் காவலனின் இடுப்பிலிருந்து சாவியை எடுப்பதற்கு உருட்டுங்கள். விழித்தால் ஒரு கதை, விழிக்காவிட்டால் இன்னொரு கதை. கட்டிப்போட்டிருக்கும் ஒருவரை அடிக்க உருட்டாதீர்கள். அங்கே படுமா என்ற கேள்வியே இல்லை, அடிப்பதா என்ற கேள்விதான் இருக்கிறது. மான்களும் அப்படித்தான். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மனிதர் கையிலிருந்து வாங்கித் தின்னும் மானுக்கு நீங்கள் 95 சதவீதம் வைத்தாலும் 5 வைத்தாலும், அதை அடிக்கலாம் என்று விளையாட்டு சொன்னதாகவே ஆகும். இந்த ஊரில் வளர்ந்து இதை எழுதுகிறீர்கள். 'மானைத் தாக்கு' என்று யாராவது எழுதினால், என் விளையாட்டில் பகடை உருளாமல் இந்தப் பதில் வரும்: 'மான் தலை நிமிர்ந்து உன்னைப் பார்க்கிறது. உன் கை வாளின் பிடிக்குப் போகவில்லை.'